கேசட்டில் இல்லாத மூச்சு

தில்லி இளைஞர்கள் இப்போது ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் இரட்டை இசைத்தட்டு ஒன்றின் முதல் அச்சு உறையில் என் பெயரும் இருக்கிறது. பின்பக்கத்தில், நன்றி சொல்லும் பத்தியில், தேநீர் வாங்கிக் கொடுத்தவருக்கும் அட்டையை வடிவமைத்தவரின் பூனைக்கும் நடுவே இருக்கிறது. முன்பக்கத்தில், இசைக்குழுவின் பெயருக்குக் கீழே, தனி வரியில் நிற்பது வேணுகோபாலின் பெயர். 'ஒலி மீட்பு: வேணுகோபால்.' நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்த என் கணவர், "எல்லாத்துக்கும் ரிட்டயர்மென்ட் உண்டு. உன் வயித்தெரிச்சலுக்கு மட்டும் கிடையாதா ஸ்டெல்லா?" என்று கேட்டார்.

ஒலிப்பதிவுத் துறையில் இப்போது பணிபுரியும் இளையவர்கள் தங்கள் இதழுக்கு எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். 'முத்ரிகா' என்ற ராக் குழுவின் அரிய பதிவுகளை நான் கேசட்டாகத் தொகுத்தேன். வேணு அவற்றை இப்போது மறுவெளியீடாகக் கொண்டுவந்திருக்கிறான். இரண்டுக்கும் என்ன வேறுபாடு, எதை நம்புவது என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்பவள் நடுநிலையானவள் அல்ல என்பதை வாசகர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

என் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து மத்திய அரசு வேலைக்குத் தில்லி வந்தவர். கிட்வாய் நகர் குடியிருப்பில் வளர்ந்தேன்; மந்திர் மார்க்கிலுள்ள பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன்; இயற்பியலில் பட்டம் பெற்றேன். ஆசிரியப் பணிக்கோ செவிலியர் பணிக்கோ போயிருந்தால் தேவாலயத்தில் எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். நான் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிநாடா அறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். அதே நாளில் சேர்ந்தவன் வேணு. கோயம்புத்தூர்க்காரன். என்னைவிடச் சில மாதங்களே இளையவன் என்றாலும் முதல் நாளே "அக்கா" என்று கூப்பிட்டு என்னை ஒரு தலைமுறை தள்ளி வைத்துவிட்டான். பயிற்சிக் காலம் முழுவதும் நாடா இயந்திரங்களைத் துடைத்தோம், ரீல்களை அடுக்கினோம், வாயை மூடிக்கொண்டு கேட்டோம். சொல்ல வேண்டியது அந்த அறையின் தலைவரைப் பற்றித்தான்.

சேத்தி சாப் மெலிந்த மனிதர். கோடையிலும் முழுக்கைச் சட்டை, குளிரிலும் அதே சட்டைக்கு மேல் கையில்லாத ஸ்வெட்டர். ஒலியைக் கேட்கும்போது தம் காலணிகளின் முனையைப் பார்ப்பார். தரையில் ஏதாவது இருக்கிறதோ என்று நாங்களும் பார்ப்போம். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பிடிக்கவில்லையென்றால், "ஃபிர் ஸே, பேட்டா" என்பார். மறுபடியும் முதலிலிருந்து செய் என்று பொருள். பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த அறையில் நாங்கள் எதிர்பார்த்து ஏங்கிய உச்சப் பாராட்டு, ஒரு மனிதர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவது.

அவருடைய விதிகளில் இரண்டை இங்கே விளக்க வேண்டும்.

முதலாவது, கேட்டு முடித்த நாடாவை யாரும் திருப்பிச் சுற்றக் கூடாது. ஒலிநாடா ரீலில் அடுக்கடுக்காகச் சுற்றிக் கிடக்கும். ஓர் அடுக்கில் இருக்கும் உரத்த ஒலி, காலப்போக்கில் பக்கத்து அடுக்கிலும் மெல்லியதாகப் பதிந்துவிடும். வெப்பம் அதிகமானால் இன்னும் நன்றாகப் பதியும்; தில்லிக் கோடைக்குச் சொல்லவே வேண்டாம். முடிவுப்பகுதி வெளியே இருக்கும்படி வைத்தால், அந்த மெல்லிய நிழல் உண்மையான ஒலிக்குப் பின்னால் வந்து அதற்குள் மறைந்துவிடும். திருப்பிச் சுற்றி வைத்தால் முன்னால் வரும். பாடகர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய குரல் எங்கிருந்தோ ஒருமுறை பாடிவிடும். அறையில் அதற்கு 'பூத்' என்று பெயர். நானும் வேணுவும் எங்களுக்குள் பேய் என்போம்.

இரண்டாவது விதி எழுதப்படாதது. அதற்குப் பிறகு வருகிறேன். முன்னால் இருமல் கதையைச் சொல்ல வேண்டும்.

பயிற்சி முடியும் தறுவாயில், சேத்தி சாப் எங்கள் இருவரிடமும் ஒரே சொற்பொழிவின் இரண்டு நகல்களைக் கொடுத்தார். பேசியவர் வாக்கியத்துக்கு வாக்கியம் இருமுகிறவர். இருமல்கள் இல்லாமல் கொண்டுவரச் சொன்னார். ரீல்களைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, இருமல் தொடங்கும் இடத்தைச் செவியால் பிடித்து, வெள்ளை மெழுகுப் பென்சிலால் குறித்து, சாய்வுப் பள்ளமுள்ள அலுமினியக் கட்டையில் நாடாவைப் படுக்கவைத்து, பிளேடால் அறுத்து ஒட்ட வேண்டும். நான் செய்தேன். ஒட்டிய இடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. சேத்தி சாப் என் நாடாவைக் கேட்டார், கோப்பையை எடுத்தார். நான் மனத்துக்குள் ஜெபம் சொல்லி நன்றி செலுத்தினேன். ஆனால் கதவு வரை போனவர் திரும்பி வந்து வேணுவின் நாடாவைப் போடச் சொன்னார்.

வேணு இருமலை எடுத்த இடத்தில், அதே அளவுக்கு வெறும் நாடாவை ஒட்டியிருந்தான். வெறும் நாடா என்றால் முற்றிலும் வெறுமையானது அல்ல; சொற்பொழிவு தொடங்குமுன் யாரும் பேசாமலிருந்த அந்த மண்டபத்தின் மௌனம், மின்விசிறி இரைச்சலோடு. என் நாடாவில் பேச்சாளர் மூச்சுவிடாமல் அவசரமாகப் பேசினார். வேணுவின் நாடாவில் அவர் யோசித்து, நிறுத்தி, கனமாகப் பேசினார். சேத்தி சாப் காலணியிலிருந்து பார்வையை உயர்த்தினார்.

"வாஹ்" என்றார்.

அந்த மனிதர் அந்தச் சொல்லை வேறு எவருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும் சொன்னதில்லை. வெளியே வந்ததும் வேணு சொன்னான்: "அக்கா, உங்களுது வெட்டே தெரியலைங்க. எனக்கு அந்தளவுக்குக் கை வராதுங்க. அதான் நடுவுல எதையாச்சும் போட்டு நிரப்பிட்டேன்." தன்னடக்கம்போல் ஒலித்த அந்தப் பதிலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்போது இரண்டாவது விதி. பயிற்சி முடிந்த பிறகு எங்களுக்கு வேலை பிரிக்கப்பட்டது. சேத்தி சாப் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காலணிகளைப் பார்த்தபடியே, பெண் பாடகிகளின் நாடாக்கள் எல்லாம் இனி என்னிடம்தான் வரும் என்றார். காரணத்தைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. இந்தப் பாடல்கள் வீடுகளில் ஒலிக்கும். மாமனாரும் மருமகளும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு பெண் மூச்சு வாங்கும் சத்தம் அங்கே கேட்கக் கூடாது. அதை எடுத்துவிட வேண்டும். அந்த வேலையைப் பையன்களிடம் கொடுப்பது, "அச்சா நஹீன் லக்தா" – நன்றாக இருக்காது.

"ஆண்கள் பாடும்போது, சாப்?" என்று கேட்டேன்.

"மர்த் தோ ஸான்ஸ் லேதா ஹீ ஹை" என்றார். ஆண் மூச்சு விடத்தானே செய்வான்.

அறைக்குத் திரும்பி வேணுவிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "அப்போ பொம்பளைங்க மீன் மாதிரிங்களா அக்கா, வாயைத் தொறந்து மூடிக்கிட்டு?"

"நீ சிரி. உனக்கென்ன, ஆம்பிளைய மூச்செல்லாம் அப்படியே விட்டுட்டு அஞ்சு மணிக்கு பஸ்ஸ பிடிச்சிருவ. நான்லா ஒவ்வொண்ணா அறுக்கணும்" என்றேன்.

அறுத்தேன். பஜனைகள், கஜல்கள், திருமணப் பாடல்கள் எதுவானாலும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு மூச்சு இருக்கும். அது எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் காற்று உள்ளே போகும் ஓசையைச் சொல்வார்கள். அதற்கும் முன்னால், உதடுகள் பிரியும் ஒரு மிகச் சிறிய ஒலி உண்டு. அங்கேதான் பிளேடை வைக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் உதடு மட்டும் தனியே ஒலித்து விகாரமாக இருக்கும். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அந்த அறையிலிருந்து வெளியே போன எந்தப் பெண்ணும் மூச்சு விடவில்லை. நான் அதைப் பெருமையாகத்தான் செய்தேன். கூடத்தைப் பெருக்குகிறவர் தூசியை நினைப்பதுபோலத்தான் நானும் மூச்சை நினைத்தேன்.

'முத்ரிகா' இந்தச் சூழ்நிலையில்தான் வந்தது. ரிங் ரோட்டைச் சுற்றிச் சுற்றி வரும் பேருந்தின் பெயரைத் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்ட கல்லூரி மாணவர்கள். ஆங்கிலத்தில் பாடினார்கள். பாடியவள் ரோமா, விடுதியில் இருந்தவள், குள்ளமானவள், ஒலிவாங்கியைத் தாழ்த்தச் சொல்ல வெட்கப்பட்டு நுனிக்காலில் நின்று பாடுவாள். இரண்டு தொகுப்புகள் வெளியிட்டுவிட்டுக் குழு கலைந்தது. வெளியிடாத பாடல்களும், ஒத்திகைகளும், கல்லூரி விழாவில் பதிந்த ஒன்றும் அறையில் கிடந்தன. அவற்றை ஒரு கேசட்டாகத் தொகுக்கும் பொறுப்பு, பெண் குரல் என்பதால், என்னிடம் வந்தது.

அதில் 'கடைசி பஸ்' என்றொரு பாடல். புறப்பட்டுவிட்ட பேருந்தைப் பார்த்து ஒரு பெண் "வெயிட்!" என்று கத்துவதில் தொடங்கும். கத்திவிட்டு நிறுத்துவாள், அதன் பிறகு கிட்டார் மெல்ல நுழையும். அந்த ஒற்றைச் சொல்லுக்கு முன்னால் ரோமா இழுத்த மூச்சு பெரியது. அதை எடுத்தேன். அதன் இடத்தில் ஒலியே பதியாத வெள்ளை நாடாவை ஒட்டினேன். கேசட்டில் முழு நிசப்தத்திலிருந்து "வெயிட்!" என்ற குரல் கத்திபோல் வரும். சேத்தி சாப் கேட்டார், கோப்பையை எடுத்தார், போனார். இந்த முறை திரும்பி வரவில்லை. அந்த வெட்டுதான் என் வாழ்நாளின் சிறந்த வேலை என்று நினைத்திருந்தேன்.

கேசட் கொஞ்சமே விற்றது. பிறகு நிறுவனம் மூடப்பட்டது. என் ரீல்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. நான் வேறு இடங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்று மயூர் விஹாரில் அடங்கினேன். வேணு முனீர்காவில் ஓர் அடித்தள அறையை வாடகைக்கு எடுத்துப் பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றும் தொழில் தொடங்கினான். அப்போதும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் தாங்கிக்கொள்ளும் அளவுக்குத்தான்.

மறுவெளியீடு வந்ததும் அந்த அளவு கடந்தது. முத்ரிகாவின் டிரம் வாசித்தவருடைய வீட்டு அலமாரியில், பதிவு நடந்த அன்றே குழுவுக்காக எடுத்த நகல் ரீல்கள் கிடைத்திருக்கின்றன. வேணு அவற்றிலிருந்து வேலை செய்திருக்கிறான். கேசட்டின் ஒரு பக்கத்தில் அடங்காததால் நான் பாதியில் மங்கவிட்ட கிட்டார் பகுதி, அவனுடைய தட்டில் முழுமையாக இருக்கிறது. கல்லூரி விழாப் பாடலுக்கு முன்னால், வாசலை மறித்து நிற்கும் ஸ்கூட்டரை உரிமையாளர் உடனே அகற்ற வேண்டும் என்று ஒருவர் இந்தியில் கெஞ்சும் அறிவிப்பு வரும். நான் அதைக் குப்பையென்று வெட்டியிருந்தேன். வேணு அப்படியே விட்டிருக்கிறான். இணையத்தில் இளைஞர்கள் அந்த ஸ்கூட்டரைக் கொண்டாடுகிறார்கள். என் வெட்டுகளை ஒரு வாழ்நாள் முழுக்க எவரும் கவனிக்கவில்லை. கவனிக்காமலிருப்பதே அவற்றின் வெற்றி. ஒரு ஸ்கூட்டரை நகர்த்தாமல் விட்டவனுக்கு இத்தனை பாராட்டு.

'கடைசி பஸ்'ஸை வேண்டுமென்றே கடைசியாகக் கேட்டேன். மெல்லிய இரைச்சல். வெகுதூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், "வெயிட்" என்ற ஒரு குரல். அடுத்து ஒரு மூச்சு. அதன்பின் "வெயிட்!"

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பேய்! டிரம்காரர் வீட்டில் யாரோ நாடாவைக் கேட்டுவிட்டுத் திருப்பிச் சுற்றி, தில்லியின் அத்தனை கோடைகளிலும் அலமாரியில் வைத்திருக்கிறார்கள். பேய் குரலுக்கு முன்னால் வந்துவிட்டது. வேணு அதை அப்படியே தட்டில் அச்சடித்திருக்கிறான். ஊரோ அதைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தது: அவள் இருமுறை கூப்பிடுகிறாள், முதலில் மனத்துக்குள், பிறகு வாய்விட்டு, என்ன ஒரு கலைநயம்!

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. சில நாட்களில் லோதி ரோட்டிலுள்ள ஓர் அரங்கில் இந்தத் தட்டைக் கேட்கும் மாலை நிகழ்ச்சி இருந்தது. என்னையும் பேச அழைத்திருந்தார்கள். அங்கே இதைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். ஆனாலும் யோசித்தேன். சொன்னால் வேணுவின் தொழிலுக்குப் பாதிப்பு. நாளை எல்லோரும் தங்கள் நாடாவை நம்பி அவனிடம் கொடுக்கத் தயங்குவார்கள். சொல்லாவிட்டால், ஒரு பழுதைக் கலை என்று நம்பி ஒரு தலைமுறை கற்றுக்கொள்ளும். உண்மைக்கே பொறுப்பு அதிகம் என்று தீர்மானித்தேன். உண்மையும் என் பொறாமையும் ஒரே பக்கத்தில் நின்றது எனக்குச் சற்று இடறியது. இருந்தும் குறிப்புகளை எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

வேணு எனக்கு முன்னால் பேசினான். ஆங்கிலத்தில், தன் கோயம்புத்தூர் ராகத்தோடு, முதல் வாக்கியத்திலேயே சொன்னான்: நீங்களெல்லாம் புகழும் அந்த முதல் "வெயிட்" ஒரு பழுது. நாடாவைத் திருப்பிச் சுற்றி வைத்ததால் வந்தது. அதை நீக்க முயன்றேன். நீக்கும் மென்பொருள் கூடவே மூச்சையும் தின்றுவிட்டது. மூச்சை இழக்க மனமில்லாததால் இரண்டையும் விட்டுவிட்டேன். மன்னிக்கவும்.

அரங்கம் கைதட்டியது. என் கையில் இருந்த குறிப்புகளுக்கு இனி வேலையில்லை. ஒருவனுடைய குறையைக்கூட எனக்கென்று விட்டுவைக்காத மனிதனை என்ன செய்வது? என் முறை வந்தபோது சேத்தி சாபின் காலணிகளைப் பற்றி ஏதோ பேசிவிட்டு இறங்கினேன்.

பிறகு அந்தப் பாடலைக் கேசட்டிலிருந்தும் தட்டிலிருந்தும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டார்கள். முன்வரிசையில் ரோமா உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரை. இரண்டும் முடிந்ததும் யாரோ அவளிடம் ஒலிவாங்கியை நீட்டினார்கள். அவள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கலந்து சொன்னது ஏறக்குறைய இதுதான்: "கேசட்டில் இருப்பவளுக்குப் பயமே கிடையாது. வருஷக்கணக்காக அதைக் கேட்டு, அது யாரோ வேறு பெண் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. இப்போதுதான் அந்தப் பயம் கேட்கிறது. இது நான்."

வெளியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆப் கா காம் பஹுத் ஸாஃப் தா, ஸ்டெல்லா ஜீ." உங்கள் வேலை மிகவும் சுத்தமாக இருந்தது என்றாள். அன்போடுதான் சொன்னாள். பேருந்தில் வீடு வரும்வரை அந்தச் 'சுத்தம்' எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

வேணுவுக்கு என்னைவிட நுட்பமான மனம் இருந்ததால் அந்த மூச்சை விட்டான் என்று அரங்கில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவனுக்கு ஆண்களின் நாடாக்களைக் கொடுத்தார்கள். மூச்சை அறுக்க வேண்டியவனாக அவன் ஒருநாளும் இருந்ததில்லை. அதனால் அது அழுக்கு என்று அவன் கை கற்கவில்லை. எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெண்களின் குரலைப் பெண்ணிடம் ஒப்படைத்தது மரியாதை என்று அன்று எண்ணினேன். பெண்ணின் மூச்சைப் பெண்ணைக் கொண்டே எடுக்கவைக்கும் ஏற்பாடு அது என்பது எனக்கு மயூர் விஹார் நிறுத்தத்தில் இறங்கும்போதுதான் உறைத்தது. நியாயமாக இது என் பொறாமையைத் தணித்திருக்க வேண்டும். தணிக்கவில்லை, இன்னும் நல்ல காரணம் ஒன்றைக் கொடுத்தது.

ஒரு மாதம் கழித்து, தட்டை வெளியிட்ட சிறு நிறுவனத்திலிருந்து மீனாட்சி வந்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"ஆன்ட்டி, செகண்ட் பிரஸ்ஸிங் பண்றோம். மத்லப், வெளிநாட்டுல வாங்கறவங்க அந்த பூத் வாய்ஸ டிஃபெக்ட்னு திருப்பி அனுப்பறாங்க. ரோமா மேம் சொல்றாங்க, பூத் போனா ஓகே, ப்ரெத் போச்சுன்னா ரிலீஸே வேணாம்னு. வேணு அங்க்கிள் தன்னால முடியாதுன்னு கை தூக்கிட்டார். உங்கள கேக்கச் சொன்னார்."

"அவன் என்ன சொன்னான்? அப்படியே சொல்லு."

"'அந்த அக்காவத் தவிர ஒருத்தராலயும் ஆகாது'ன்னு."

"இத அவன் தட்டுல போடும்போது சொல்லியிருக்கலாம்லா?" என்றேன். மீனாட்சிக்குப் பாதி புரியவில்லை. அச்சா, அச்சா என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை மூவரும் முனீர்கா அடித்தளத்தில் இருந்தோம். கணினித் திரையில் அந்தச் சில கணங்களை வேணு விரித்துப் போட்டிருந்தான். இடப்பக்கம் பேயின் மெல்லிய வரி, வலப்பக்கம் மூச்சு, அதன்பின் சுவர்போல் எழும் "வெயிட்!"

"பாருங்க்கா. பேயோட வாலும் மூச்சோட தலையும் ஒண்ணு மேல ஒண்ணு கெடக்குது. இங்க வெட்டுனா பேய் மிச்சம் இருக்குது. இங்க வெட்டுனா மூச்சு மொட்டையாப் போயிருது. நானும் எங்கெங்கயோ வெச்சுப் பாத்துட்டேனுங்க."

"படத்தப் பாத்து வெட்டுனா அப்படித்தான். திரைய அணை."

"ஏனுங்க்கா?"

"அணைன்னு சொல்லுதேன்லா."

அவன் அணைத்தான். ரீலைக் கையால் அசைப்பதுபோல் சுட்டியை முன்னும் பின்னும் மெதுவாக உருட்டினேன். மங்கலான "வெயிட்" இழுபட்டு முனகியது. பிறகு ஒன்றுமில்லாததுபோல் ஓர் இடம். அதற்குள், பேயின் வால் இன்னும் முழுதாக ஓயாதபோதே, நான் எதிர்பார்த்தது வந்தது: இரண்டு உதடுகள் பிரியும் ஒலி. எத்தனை பெண்களிடம் கேட்டிருக்கிறேன் அதை. எத்தனை முறை அந்த இடத்தில் பிளேடை வைத்து, அதற்குப் பின்னால் இருந்ததைக் கூடையில் போட்டிருக்கிறேன். இப்போதும் அதே இடம்தான். கூடையில் போட வேண்டியது மட்டும் மறுபக்கம்.

"இங்கதான். இதுக்கு முன்னாடி இருக்கதெல்லாம் எடு."

"வாலு கொஞ்சம் இருக்குமேங்க."

"உதட்டுச் சத்தத்துக்குள்ள ஒளிஞ்சிரும். நீ எடு."

எடுத்தான். கேட்டோம். பேய் இல்லை, மூச்சு முழுதாக இருந்தது. ஆனால் செத்த நிசப்தத்திலிருந்து திடீரென்று உதடு பிரிந்தது. யாரோ இருட்டறையில் விளக்கைப் போட்டதுபோல் இருந்தது. சேத்தி சாப் இருந்திருந்தால், ஃபிர் ஸே என்றிருப்பார். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லுமுன் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தேன்.

"பாட்டு முடிஞ்ச பெறகு, யாரும் அசையாம நிப்பாங்கல்லா, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து சைகை வர்ற வரைக்கும். அந்த மௌனத்த எடுத்து முன்னால போடு" என்றேன். பிறகு, சொல்லாமல் விட்டால் அது திருட்டாகிவிடும் என்பதால், "உன் இருமல் வித்தைதான்" என்றும் சேர்த்தேன்.

வேணு என்னைத் திரும்பிப் பார்த்தான். "அது உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?"

"ஞாபகமா? அத மறந்து ஒரு நாள் நிம்மதியாத் தூங்குனேனா நான்?"

மீனாட்சி சிரித்தாள், ஏதோ நகைச்சுவை என்று நினைத்து. வேணு சிரிக்கவில்லை. மௌனத்தை வெட்டி எடுத்துக்கொண்டுவந்து ஒட்டினான். முதலிலிருந்து ஓடவிட்டான்.

ஓர் அறை கேட்டது. அதில் நாலைந்து பேர் அசையாமல் நிற்பது கேட்டது. இரண்டு உதடுகள் பிரிந்தன. நுனிக்காலில் நிற்கும் ஒரு பெண், பயந்துகொண்டு, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள். "வெயிட்!"

கிட்டார் நுழைவதற்குள் வேணு நிறுத்தினான். மறுபடி ஓடவிட்டான். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டான். அவன் முகம் சுருங்கி, கீழுதடு உள்ளே போயிருந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். இருமல் நாடாவுக்குப் பிறகு நிறுவனத்தின் கழிவறைக் கண்ணாடியில் அதைப் பார்த்திருக்கிறேன்.

"வாஹ்" என்றான்.

எதற்குச் சொன்னான்? மூச்சின் விளிம்பைக் கண்டுபிடித்தது நான். அதற்கு முன்னால் அறையைக் கொண்டுவந்து வைத்த வித்தை அவனுடையது. என்னைப் பாராட்டினானா, என் கையால் செய்யப்பட்ட தன் வேலையையா? கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. மீனாட்சி அதற்குள், இரண்டாம் அச்சின் உறையில் பெயர்களை எப்படிப் போடுவது என்று கேட்டாள். இரண்டு பெயரும் முன்பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் என்றான் வேணு. அச்சாகி வந்ததும் அளந்து பார்த்தேன், ஒரே அளவுதான்.

இளையவர்களின் கேள்விக்கு இதுவே என் பதில்: இரண்டாம் அச்சை வாங்குங்கள். அந்த 'வாஹ்'வைப் பொறுத்தவரை, சேத்தி சாபின் அசல் எனக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது மறுவெளியீடு. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் வேணு ஒருமுறை மூச்சை இழுத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதை நான் வெட்டப்போவதில்லை.